ஏழாவது தட்டு

நவம்பர் 13, வியாழன். பெரம்பலூர்.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பி.பி. மாத்திரை இன்னும் நான்குதான், வாங்க வேண்டும். இட்லி மாவு அரைத்தாயிற்று.

மாலதி அரியலூர் பாங்கிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள். ஞாயிறு மதியம் நாங்கள் இருவரும் புதுச்சேரி போகிறோமாம். இளங்கோவின் ஹோட்டலில் சாப்பாடு. பிரெஞ்சு முறை. ஏழு தட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்தது, கூடவே தட்டுக்குத் தக்க வைன்.

இளங்கோ திருச்சியில் அவளோடு கல்லூரியில் படித்தவன். பூலாம்பாடிக்காரன். கப்பலில் சமையல், பிறகு பிரான்சில் பதினோரு வருடம், இப்போது சொந்தக் கடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாலதிக்கு நாற்பத்து மூன்று. விவாகரத்தாகி ஆறு வருடம். விஷயம் என்ன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம். அவள் வாய் திறந்து சொல்லட்டும் என்றுதான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். ஏழு தட்டு வைத்துச் சொல்லப் போகிறார்கள்.

"என்னை அங்க வந்து கை நனைக்கச் சொல்றியா?" என்றேன்.

"ஹோட்டல்மா அது. வூடு இல்ல."

"அவனோட ஹோட்டல்."

வழக்கம் அவளுக்கும் தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த இடத்தில் சோறு சாப்பிடக் கூடாது. காபி, பலகாரம் பரவாயில்லை. சோற்றைத் தொட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டில் சோறு ஏது? ரொட்டிதான். சோறு இல்லாததெல்லாம் பலகாரக் கணக்கு. ஏழு பலகாரம் சாப்பிட்டுவிட்டு எதற்கும் கட்டுப்படாமல் திரும்பலாம். போகிறேன்.

நவம்பர் 15, சனி.

வெயில். அரக்குக் கரை போட்ட சாம்பல் பட்டு எடுத்து உதறினேன். பூச்சி இல்லை.

கத்தி, முள்கரண்டி பிடித்து அறுபது வருடம் இருக்கும். கான்வென்டில் வெள்ளிக்கிழமைதோறும் மேஜை வகுப்பு. வெட்டிப் பழக வேறு எதுவும் கிடைக்காது, இட்லிதான். முழங்கை மேஜையில் பட்டால் மதர் அளவுகோலால் தட்டுவார். இன்று சமையலறையில் இரண்டு இட்லி வெட்டிப் பார்த்தேன். கை மறக்கவில்லை.

பால்காரி செல்வி: "பாண்டிக்காம்மா? பாண்டிக்கு எதுக்குப் போவாங்கன்னு ஊருக்கே தெரியும்." அவளிடம் வைன் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எடுத்துப் போக வேண்டியது: மாத்திரை. குடை. ஓமம். மூக்குக் கண்ணாடி இரண்டும். கைக்குட்டை, வெள்ளை.

நவம்பர் 16, ஞாயிறு.

ஏழரை மணி. இப்போதுதான் திரும்பினோம். கால் வீங்கியிருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மா.தான் கார் ஓட்டினாள். உளுந்தூர்பேட்டையில் நல்ல மழை. பத்தே மேஜை உள்ள கடை. வெள்ளைச் சுவர், துவைத்து இஸ்திரி போட்ட மேஜை விரிப்பு. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறை இல்லை. பரிமாறிய பெண் நகம் வெட்டியிருந்தாள். தட்டின் உட்புறத்தில் விரல் படவில்லை. இதற்கு மதிப்பெண் உண்டு.

1. அண்டா மூடி அகலத்தில் தட்டு, அதில் நெல்லிக்காய் அளவு பண்டம். பாலாடைக்கட்டி வைத்த போண்டா மாதிரி, உள்ளே வெறும் காற்று. கஞ்சன் என்று நினைத்தேன். வாயில் போட்டதும் அந்த எண்ணம் குறைந்தது.

2. வெங்காய சூப். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமாம், நான்கு மணி நேரம் வதக்கியதாம். மேலே ரொட்டி, பாலாடைக்கட்டி. இந்த வெங்காயத்தை எழுபது வருடமாக உரிக்கிறேன். அதற்குள் இவ்வளவு இனிப்பு இருப்பது தெரியாது. கிண்ணத்தைச் சுரண்டினேன். மதர் பார்த்திருந்தால் அளவுகோல்தான்.

3. கொடுவா மீன், வெண்ணெய்ச் சாறு. முள் ஒன்றுகூட இல்லை. இத்துடன் வெள்ளை வைன். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மா. கிளாஸைக் காம்பில் பிடித்து, மோந்து, ஒரு வாய் குடித்தாள். பழகிய கை. எப்போது பழகினாள்? கேட்கவில்லை. எனக்கும் ஊற்றச் சொன்னேன். ருசி தெரியாததைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மாங்காய் நறுக்கிய கத்தியைக் கழுவிய தண்ணீர் போல் இருந்தது. இரண்டாவது வாய் அவ்வளவு மோசமில்லை.

மழை குறைந்த வருடத்துத் திராட்சை, அதனால்தான் இந்த ருசி என்றாள் பரிமாறிய பெண். பெரம்பலூரில் மழை குறைந்த வருடத்தை யாரும் இப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

4. எலுமிச்சை ஐஸ், ஒரு கரண்டி. வாயைக் கழுவ. கொப்பளிக்கும் வேலையை எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள்.

5. ஆட்டுத் தொடை. சிவப்பு வைன். நாவல்பழம் தின்ற நாக்கு. மா. கன்னம் சிவந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள். கறியில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு. சொல்லி அனுப்பினேன். உண்மைதான், மன்னிக்கவும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது பிடித்தது.

6. பாலாடைக்கட்டி மூன்று விதம். மூன்றாவதில் காயாத துணி வாசனை. விட்டுவிட்டேன்.

மேஜையில் வைத்திருந்த அட்டையில் ஏழாவதற்கு நேரே எதுவும் எழுதவில்லை. அதை இளங்கோவே எடுத்து வந்தான். அதுவரை அவன் வெளியே வரவில்லை. காதோரம் நரை, கையில் பழைய எண்ணெய்த் தழும்புகள். எனக்கொன்று, மா.வுக்கொன்று, சின்னக் கிண்ணம். பாலில் குழைந்த சோறு.

"சீரக சம்பாம்மா. பால்ல வெந்தது. அங்க பிரான்சுல வூட்டுல செய்வாங்க, கடையில வெக்கிறதில்ல. உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும் சாப்புடுங்க."

கேள்வி புரிந்தது.

ஸ்பூனை எடுக்காமலே சொன்னேன். "போதும் தம்பி. வயிறு நெறஞ்சிடுச்சு."

"சரிம்மா" என்று என் கிண்ணத்தை எடுத்தான். இரண்டு கையாலும் எடுத்தான். மா. தலை நிமிராமல் தன் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

விழுப்புரம் தாண்டியது. பிறகு ஒரே ஒரு வாக்கியம். "ஆறு தட்டு ஏத்துக்கிட்டே, அத மட்டும் தொடலயேம்மா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்.

மேகமூட்டம். மா. சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மறதி இல்லை. மாத்திரை வாங்கினேன்.

அவனிடம் என்ன குறை? எழுதிப் பார்க்கிறேன்.

சமையல்காரன். (நல்ல சமையல்காரன்.)
உப்பு குறைவு. (ஒப்புக்கொண்டான்.)
புதுச்சேரி தூரம்.

மூன்றாவதைத் தவிர எதுவும் நிற்கவில்லை. அதுவும் அவன் குறை அல்ல. மா. போய்விட்டால் இந்த வீட்டில் இரவு யாரிடம் பேசுவேன் என்ற என் பயம். நாட்குறிப்பிலாவது ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் கிண்ணத்தைத் தள்ளியது அந்தப் பயத்தால் இல்லை.

முதல் சம்பந்தம் பேசியபோது மா.வையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வீடு பார்க்கப் போனோம். பளிங்குத் தரை, தேக்கு ஊஞ்சல், மாடியில் இரண்டு ஏ.சி. எதுவும் பேசி முடிக்கவில்லை, இலை போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். எழுந்துவிடலாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். மூன்று பொரியல், இரண்டு பாயசம். என் பெண் அந்த வீட்டில் பதிமூன்று வருடம் பட்டதற்கு என் கைதான் கையெழுத்துப் போட்டது. யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் இல்லை, மா.வும் இல்லை.

நேற்று ஆறு தட்டு மயக்கத்தில் இருந்தேன். அந்த மயக்கத்தில் மறுபடியும் அந்தக் கை நீள வேண்டாம் என்று தோன்றியது. இதைக் காரிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. திமிர்.

மா. ஏழு மணிக்கு வந்தாள். தோசை இரண்டு. "தூங்கறேன்மா." கதவு சாத்தியாயிற்று.

நவம்பர் 18, செவ்வாய்.

பளிச்சென்ற வெயில். நேற்று வைத்துவிட்டுப் போன டப்பாவில் புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு பதினொன்றே கால் பஸ்ஸில் அரியலூர் போனேன். வழியெல்லாம் சிமென்ட் லாரி. முன் சீட்டில் ஒரு பெண் போனில்: "நான் கோவிச்சுக்கல, பேசலன்னுதான் சொன்னேன்." நன்றாயிருக்கிறது வித்தியாசம்.

பாங்கில் கூட வேலை பார்க்கும் பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். மா. பதறிக்கொண்டு வந்தாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன். ஊழியர்கள் சாப்பிடும் சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, வேறு யாரும் இல்லை. இரண்டு வாய் சாப்பிடவிட்டேன்.

"இளங்கோ அம்மா நம்பர் குடு."

"எதுக்கும்மா?"

"அவன் கிண்ணத்துல வெச்சுக் கேக்குறான். நான் கிண்ணத்துக்கிட்டயா பதில் சொல்றது? பெரியவங்க பெரியவங்ககிட்ட பேசணும்."

கையில் புளிசாதத்தோடு அப்படியே பார்த்தாள். திருச்சி வீட்டில் நான் சாப்பிட்ட கதையை முழுதும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை காய்ந்துவிட்டது.

"அத நீ இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கே? எனக்கும்தான்மா அந்த வூடு பிடிச்சுது. ஊஞ்சல்ல நான்தானே போய் மொதல்ல ஒக்காந்தேன்."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடம் கழித்து, புளிசாதத்துக்கு நடுவில். கைக்குட்டையை அவளிடம் கொடுத்தேன். பிறகு திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். நாலைந்து முறை மணி அடித்தபின் எடுத்தார். காற்றுச் சத்தம், ஆட்கள் பேச்சு. வெங்காயக் காட்டில் இருக்கிறார். பெரம்பலூர் மாலதியின் அம்மா என்றேன். பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது, ஆட்களைக் கை காட்டி அடக்கியிருப்பார்.

"சொல்லுங்கம்மா. புள்ள ஞாயித்துக்கெழம ராத்திரி போன் பண்ணான். நாங்கதாங்க வந்து கேட்டிருக்கணும். பயந்துகிட்டு இருந்துட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் பூலாம்பாடிக்கு வருகிறோம், சாப்பாட்டுக்கு என்றேன். சாப்பாட்டுக்கு என்பதை இரண்டு முறை சொன்னேன். மா. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பிடிப்பாளே, அப்படி.

"வூடு சின்னதுங்கம்மா. ஓட்டு வூடு. நீங்கல்லாம்..."

"வூட்ட பாக்க வரலைங்க. சாப்புட வரேன்."

கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

சாப்பிடுவேன் என்றேன்.