திருப்பி வாங்கி வந்த பன்றிக்கால் சேமியா

சியாயி,
புத்தாண்டுக்கு முந்தைய வாரம்

அன்பு மகள் பெய்யுனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் டாஸ்மேனியா வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. புத்தாண்டு வருகிறதே, தலை கழுவவும் முடியில் சுருள் வைக்கவும் நம் முடியலங்காரக் கடையில் உட்கார இடமில்லாத கூட்டம், ஆனால் சனிக்கிழமைகளில் ஜன்னலோர நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது. அது யார் உட்காரும் நாற்காலி என்று உனக்குத் தெரியும். ஷின்லிங்கின் அம்மா, உன் ஜூமெய் அத்தை, இப்போது வேறு கடைக்குப் போகிறாள். போனில் இதைப் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

செர்ரி பறிக்கும்போது ஷின்லிங் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள், ஊருக்கு அனுப்புகிறோம் என்று நீ போனில் அழுதாயே, அன்றைக்கு என்ன சொன்னாய்? அம்மா, பன்றிக்கால் சேமியா செஞ்சு அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, அவளுக்குக் கெட்ட நேரம் கழியட்டும் என்றாய். என் மகளுக்கு எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன். சந்தைக்கு ஓடி நல்ல முன்னங்காலாகப் பார்த்து வாங்கி, மயிர் பொசுக்கி, சோயாச் சாறு ஊற்றி வேகவைத்து, சேமியா ஓர் இழைகூட அறுந்துவிடாமல் பார்த்துப் பார்த்துச் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஜூமெய் கதவைத் திறந்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. நீயாவது வந்தியே அக்கா, உன் மக செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன் என்றாள். என்ன மன்னிப்பு என்று நான் கேட்டேன். அவள் முகம் அப்படியே மாறிப்போனது.

அடிபட்டவர் வீட்டுக்குச் சொந்தக்காரர்களும் பன்றிக்கால் சேமியா கொண்டுபோவார்கள், அடிபடக் காரணமானவரும் கொண்டுபோவார். நம் ஊரில் இது தெரியாதவர் உண்டா? உனக்கும் தெரியும். தெரிந்துதான் என்னை அனுப்பியிருக்கிறாய்.

படுத்த படுக்கையிலிருந்து ஷின்லிங்தான் எல்லாம் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. போன பருவத்திலிருந்து நீ பறிக்கிறவள் இல்லையாம், ஆள் வைத்துப் பறிக்க வைக்கிறவளாம். உன்னைப் போலவே விடுமுறை வேலை விசாவில் வந்த பிள்ளைகளிடம், நாங்கள் கூலியாட்கள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள் என்று கையெழுத்து வாங்கினாயாம், சும்மா ஒரு சம்பிரதாயம்தான் என்று சொன்னாயாம். ஏணிக்கால் ஆடுகிறது, வேறு கொடு அக்கா என்று அவள் கேட்டபோது, உன் தொழிலுக்கு நீதான் முதலாளி, உன் ஏணியை நீதான் பாத்துக்கணும் என்றாயாம். ஆஸ்பத்திரியிலும் வந்து நின்று, கூலியாளா இருந்தாத்தான் தோட்டம் வைத்தியச் செலவைப் பாக்கும், நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே என்றாயாம். அக்கா அதைச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கவே இல்லை அத்தை என்றாள் அந்தப் பெண். என் மக இருக்கா, தங்கச்சி மாதிரி பாத்துக்குவா என்று நான் சொன்னதை நம்பித்தானே ஜூமெய் அவளை அனுப்பினாள்! பாத்திரத்தை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டாள். தெரியாம கொண்டு வந்தது மன்னிப்பு ஆகாது அக்கா என்றாள். தெரு முழுக்கப் பார்க்க அதைத் திருப்பித் தூக்கி வந்தேன். அப்பா டிவியை அணைத்தார். அதை யாரும் சாப்பிடவில்லை.

தோட்டக்காரன் சொன்னான், செய்தேன் என்பாய். இருக்கலாம். நீ தப்புச் செய்ததைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்வேன் பெய்யுன், ஆனால் பெற்றவளை முட்டாளாக்கி உன் மன்னிப்பைத் தூக்கவைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சந்தையெல்லாம் உங்கள் ஊர்ச் செர்ரி சிவப்புப் பெட்டியில் வந்து குவிந்திருக்கிறது, அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் வருகிறேன். ஷின்லிங் கூலியாளாகத்தான் இருந்தாள், நான் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தாள், நான் காட்டிய மரத்தில் பறித்தாள், தோட்டத்து ஏணியில் ஏறினாள் என்று நீ அங்கே அதிகாரிகளிடம் உள்ளபடி சொன்னால் அவள் வைத்தியத்துக்கு வழி பிறக்குமாம். அவள் கேட்பது அவ்வளவுதான். சொன்னால் தோட்டத்தில் உன் இடம் போய்விடும் என்று உனக்குப் பயம். போனால் போகட்டும், வீட்டில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது.

இன்னொரு பன்றிக்கால் வாங்கி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். அதை நான் சமைக்க மாட்டேன். அங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து, நீயே பொசுக்கி, நீயே வேகவைத்து, நீயே தூக்கிக்கொண்டு போ. நான் தெருமுனை வரைக்கும் கூட வருகிறேன், அவர்கள் வாசலுக்கு வரமாட்டேன்.

மாட்சு அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஏணியில் ஏறினால் கீழே யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

உன் அம்மா,
ஷியூலான்