நாற்பத்தொரு கையெழுத்து

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நலம். அணைக்கட்டு முகாமில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். அங்கே போன் சரியாகிற வரை கடிதம்தான் கதி என்றீர்கள். நல்லதாயிற்று, இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

தெருமுனைப் பூங்காவில் சாயங்காலமானால் பிள்ளைகள் கும்மாளம் போடுகிறார்கள் என்று போன கடிதத்தில் பொருமியிருந்தேன் அல்லவா? பொருமியதோடு விடவில்லை. பெஞ்சுகளை எடுத்துவிட்டு ஐந்து மணிக்கே பூட்டச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதி, தைத்த துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டால்தான் துணி கைக்கு வரும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். பாதி வேடிக்கைதான். மொத்தம் நாற்பத்தொன்று. முதல் கையெழுத்து என்னுடையது.

போன செவ்வாய்க்கிழமை நூல் வாங்கப் போனவள் பூங்கா வேலியோரம் நின்றுவிட்டேன். கடைசி பெஞ்சில் நம் மகள்! டைப்பிங் வகுப்பில் இருக்க வேண்டியவள். யாரோ ஒருத்தி நடித்துக் காட்ட, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நீங்கள் போனதிலிருந்து வீட்டில் "ம்", "சரி", "பசிக்கல" தவிர அவள் வாயிலிருந்து நான் எதுவும் கேட்டதில்லை. முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் நம் வீட்டை நினைத்தேன். இருப்பது ஒரே அறை. பாதியில் என் மெஷின், மீதியில் அளவு கொடுக்க வருகிறவர்கள். சிரிக்க வேண்டுமென்றால் அவள் எங்கே போவாள்? கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

மறுநாளே நகராட்சிக்கு ஓடி மனுவைத் திருப்பிக் கேட்டேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பது பேர் உங்களை நம்பித்தானேம்மா போட்டாங்க" என்று கைவிரித்துவிட்டார். பூங்கா வாசலில் அறிவிப்பும் ஒட்டிவிட்டார்கள்.

நேற்று மகள் ஒரு தாளோடு வந்தாள். பூங்காவை மூடக் கூடாது என்று பிள்ளைகள் எழுதிய மனு. "அம்மா, உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, நீ போட்டா மத்தவங்களும் போடுவாங்க" என்றாள். எத்தனை நாளைக்கப்புறம் ஒரு முழு வாக்கியம்! போட்டேன். திங்கட்கிழமை அதைக் கொடுக்க என்னையும் கூட வரச் சொல்கிறாள். குமாஸ்தா இரண்டு தாளையும் அவள் முன்னால் விரித்து வைப்பார்.

அதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். இது உங்கள் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் அவளுக்குத் தனியாக எழுதுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். வகுப்புக்குப் போகாததைக் கேட்கவும் வேண்டாம். அம்மாவைத் திட்டுவதென்றால் வாய் வலிக்கத் திட்டச் சொல்லுங்கள். பேசாமல் மட்டும் இருக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி