அரைச்சுவர்க்காரனின் முழங்கால்

மார்ச் 3

கோழி கிறுக்கியது போல இருக்கிறது என் எழுத்து. படிக்கப்போவது நான்தான், இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெயிண்ட் பிரஷ் மட்டுமே பிடித்த கை, இப்போதுதான் எழுத்துக் கற்று, அறுபத்தெட்டு வயதில் பேனா பிடிக்கிறது. ஆனாலும் நானே எழுதியது! இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

பேத்தி இன்றும் கால் வழுக்கி விழுந்தாள். நாளை டாக்டரிடம் போகிறோம்.

மார்ச் 4

ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு முழங்காலுக்குள்ளும் குறுக்காக இருக்கவேண்டிய ஜவ்வு, பிறவியிலேயே இல்லையாம். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

என் முழங்காலும் சின்ன வயதிலிருந்தே நழுவும். ஏணியில் ஏறினால் கழன்றுவிடும்போல இருக்கும். கைக்கு எட்டுகிற பாதிச் சுவருக்குத்தான் பெயிண்ட் அடிப்பேன். கூட வேலை செய்தவர்கள் 'அரைச்சுவர்' என்று பெயர் வைத்தார்கள். உயரம் என்றால் பயம் என்று சமாளித்தேன். நொண்டி என்பதைவிடப் பயந்தாங்கொள்ளி மேல் இல்லையா?

மார்ச் 5

"புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு பஸ்ல அலையாதேன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா நீ?" என்று என் மனைவி மருமகளைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வாயைத் தைத்தா வைத்திருக்கிறது?

மார்ச் 7

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9

பேத்தி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் படி இறங்கினாள். "யாருடி இப்படி இறங்கச் சொன்னது?" என்றாள் என் மனைவி.

"தாத்தாவும் இப்படித்தான் இறங்குவார்."

இதற்குமேல் முடியவில்லை. "என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. எனக்கும் முட்டி நிக்காது. மருமக மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"உயரம்னா பயம்னு சொன்னீங்களே! கட்டினவகிட்டயுமா பொய்?" என்றாள் மனைவி. மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 12

மருமகள்தான் என்னை அழைத்துப் போனாள். ஸ்கேனில் எனக்கும் அந்த ஜவ்வு இல்லை. கவரில் என் பெயரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது.

பேத்திக்கு வளர்கிற வயது, இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். தொடைத் தசைக்கு உரமேற்றினால் முட்டியை அது தாங்கும். வளர்ந்தபின் தேவைப்பட்டால் புது ஜவ்வு வைக்கலாம்.

வெளியே வந்ததும் மருமகள் சொன்னாள்: "அத்தை பேசினப்ப நீங்க அங்கதானே மாமா இருந்தீங்க?"

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16

தரையில் சுருட்டிய துண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று பேத்திக்கு, ஒன்று எனக்கு. முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கவேண்டும், தொடைக்கு டாக்டர் சொன்ன பயிற்சி.

"அம்மா, தாத்தா ஏமாத்துறார்!"

மருமகள் வந்து பார்த்தாள். "வாய அமுக்கி வச்சிருந்தீங்கல்ல மாமா, அதே மாதிரி முட்டியையும் அமுக்குங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். மருமகள் சிரிக்கவில்லை. குனிந்து, என் துண்டை எடுத்து இன்னும் இறுக்கமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள்.

தொடை வலிக்கிறது. ஆனாலும் நாளையும் பேனாவைப் பிடிக்கவேண்டும். மருமகள் சிரித்தாளா என்று எழுதவேண்டுமே.