முயல்கொம்பு முளைத்த பாறை

அத்தை,

இன்று காலை பால்கனியில் துணி உலர்த்தும்போது ஒரு ஈ காதருகே சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த நாலாம் மாடிக்கு ஈ ஏறி வருவது அபூர்வம். அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தேன். கம்பியோரத்துத் தொட்டியில் உங்கள் கள்ளிமுளையான் பூத்திருந்தது. காய்ந்த குச்சி என்று நினைத்துப் பல நாளாய்த் தண்ணீர்கூட ஊற்றாத செடி. குனிந்து முகர்ந்தேன். எலி செத்த வாடை, மிக லேசாக. "பூவே ஆனாலும் மோந்து பாத்துட்டு நம்பு" என்பீர்கள்.

நீங்கள் எதையும் அப்படியே நம்பியதில்லை. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுக்கத் தரப் பரிசோதனை. அளவுகோல் சொன்னால் ஒழிய எந்தத் துண்டு உலோகத்தையும் சரி என்று நீங்கள் சொன்னதில்லை. ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்த முதல் வாரமே பால் பாக்கெட்டைத் தராசில் வைத்தீர்கள். காஸ் சிலிண்டரின் சீலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். அடுத்தது நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

உங்கள் பிள்ளை அப்போது பிராஜெக்ட் என்று அமெரிக்காவில் இருந்தார். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நான், வீட்டில் உங்களோடு தனியாக. கம்பெனி வண்டி என்னை இறக்கிவிடும்போது நீங்கள் பால்கனியில் நிற்பீர்கள். "அந்த டிரைவர் யாரு, புதுசா இருக்கானே?" என்பீர்கள். நான் அறைக்குள் போனதும் போனில் தாழ்ந்த குரலில் பேசுவீர்கள். நான் வெளியே வந்தால் பேச்சு நின்றுவிடும். என்னை வேவு பார்க்க அவர்தான் உங்களை வரச் சொன்னார் என்று முடிவே கட்டிவிட்டேன். கைப்பை ஜிப்பில் ஒரு நூலைச் சிக்கவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் நூல் இல்லை.

பையில் ஒளித்து வைக்க ஒன்று இருந்தது. ஆபீஸில் பக்கத்து நாற்காலித் தோழி வாங்கிக் கொடுத்த கேப்ஸ்யூல் டப்பா. உட்கார்ந்தே வேலை செய்து என் உடம்பு பெருத்திருந்த சமயம். ஏதோ பாறைச் செடியின் சாறு, தின்றால் பசியே எடுக்காது, தமிழில் கள்ளிமுளையான் என்று பெயராம் என்றாள். ஒன்று போட்டால் சாயங்காலம் வரை சோறு நினைவே வராது. ஆனால் படுத்தால் தூக்கம் இல்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. கீபோர்டில் விரல் நடுங்கியது. மெலிவதற்குக் கொடுக்கும் விலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை பையை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால், சாப்பாட்டு மேஜையில் அந்த டப்பா. எவர்சில்வர் தட்டில் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கொட்டி வைத்திருந்தீர்கள்.

"என் பையில கைவெச்சீங்களா?"

"வெச்சேன். நூலையும் நான்தான் எடுத்தேன். இது என்ன?"

"செடி அத்தை. வெறும் செடி. கள்ளிமுளையான்."

கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் விரலால் தூளைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தீர்கள். கூட வேலை பார்த்த ஒரு தெலுங்கம்மா அந்தச் செடியைப் பச்சடியாக அரைத்து மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவார் என்றும், அந்த ருசி இது இல்லை என்றும் சொன்னீர்கள். உடனே உங்களையே சந்தேகப்பட்டீர்கள். "ஆனா அது பழைய நாக்கு. ஞாபகத்தை வெச்சு எதையும் தள்ளக் கூடாது. ஒப்பிட்டுப் பாக்க அசல் வேணும். நாளைக்கு வா. முயல்கொம்பு காட்டறேன்."

இல்லாத ஒன்றைத்தான் நாம் முயல்கொம்பு என்போம். என்னை எங்கோ கூட்டிப்போய் வாயைக் கிளறப் போகிறீர்கள், யாராவது டாக்டரம்மாவோ சாமியாரோ காத்திருப்பார்கள் என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ மல்லாபூர்த் தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத பக்கம் திரும்பியதும் பயம் கூடியது. "கைக்கு அம்மா? உதர் தோ பத்தர் ஹை" என்றார் ஆட்டோக்காரர், எதற்கு, அங்கே வெறும் பாறைதானே என்று. "ஹவ், பத்தர்தான் வேணும். சலோ" என்றீர்கள்.

யானைகள் படுத்திருப்பதுபோல் பாறைகள். நடுவே சீத்தாப் புதர், முள். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடைக்காம்பால் புதர்களை விலக்கினீர்கள். முதலில் கண்ணில் பட்ட சதைப்பற்றுள்ள செடியை நான் ஒடித்தேன். பால் வடிந்தது. "கையைத் துடை. பால் வந்தா வேற கள்ளி, கண்ணுல பட்டா போச்சு. ரிஜெக்ட்."

வெயிலில் எங்கும் இல்லை அது. கடைசியில், மனிதர் கை நுழையாத ஒரு முள்புதரின் அடிநிழலில், பாறை வெடிப்பில் சேர்ந்திருந்த ஒரு பிடி மண்ணில் இருந்தது. விரல் தடிமனில், நான்கு பட்டையாக, சாம்பல் பூத்த பச்சைத் தண்டுகள். இலை இல்லை, முளைக்கும் துளி இலையும் உடனே உதிர்ந்துவிடுமாம், இலையின் வேலையைத் தண்டே செய்யுமாம். இதையெல்லாம் பிறகு நான் தேடிப் படித்தேன். அன்று கண்டது நுனியில் தலைகீழாகத் தொங்கிய கருஞ்சிவப்புப் பூக்களை. இதழ் ஓரத்து மயிர்கள் காற்றே இல்லாதபோதும் அசைந்தன. பக்கத்துத் தண்டில் இரட்டைக் காய்கள், ஒல்லியாக, காதுபோல் நிமிர்ந்து.

"குந்தேட்டி கொம்முலு. தெலுங்குல முயல்கொம்புன்னுதான் பேரு. இருக்கா, இல்லையா?"

ஒரு தண்டை ஒடித்தீர்கள். பால் வரவில்லை, தெளிந்த நீர். முதலில் நீங்கள் கடித்தீர்கள். பாறைமேல் உட்கார்ந்து, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே எனக்கு ஒரு துண்டு தந்தீர்கள். கசப்பும் துவர்ப்புமாய் வாயே சுருங்கியது. அடுத்து கைக்குட்டையிலிருந்து கேப்ஸ்யூலைப் பிரித்து நீட்டினீர்கள். சுண்ணாம்புபோல் இருந்தது. கசப்பே இல்லை. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி மரத்தது.

"சாறா எடுத்தா ருசி மாறும் அத்தை" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"மாறலாம். அதான் ரிஜெக்ட்னு சொல்லல. ஹோல்ட். தெரியற வரைக்கும் நிறுத்தி வை."

அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. டிரைவரைப் பற்றியோ ஆபீஸைப் பற்றியோ கேட்கவில்லை. "அவன் என்ன சொன்னான்?"

"யாரு?"

"என் பிள்ளைதான். வேற யாரு?"

வெப்கேமில் என்னைப் பார்த்து, "நீயா இது, ஸ்கிரீனே போதல" என்று அவர் சிரித்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அதன் பிறகு கேமராவை நான் போடவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தட்டுல சோறு மிஞ்ச ஆரம்பிச்ச அன்னையிலிருந்து எனக்கு அவன் மேலதான் சந்தேகம். நெதம் போன் போட்டுத் தோண்டறேன், ஒண்ணும் சொல்லலம்மாங்கறான். பொய் சொன்னா அவன் குரல் மெலிசாகும். சின்ன வயசுலேர்ந்தே."

தாழ்ந்த குரல் பேச்செல்லாம் அதற்குத்தானா! அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை, அத்தை. அந்த டிரைவரைப் பற்றி நீங்கள் கேட்டது? அதை இன்றுவரை என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை.

கேப்ஸ்யூலை நிறுத்தினேன். சில நாளில் தூக்கம் வந்தது, நடுக்கம் போனது. நீங்கள் விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போனீர்கள். ஈசிஜி பார்த்த டாக்டர், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செடியாக மட்டும் இருந்தால் நெஞ்சு இப்படி அடித்திருக்காது, வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும், நிறுத்தியது நல்லதாயிற்று என்றார். டப்பாவைத் தோழியின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் நிறுத்தினாள், அவளுக்கும் தூக்கம் போய் மாதமாகியிருந்தது.

உங்கள் பிள்ளை திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறது. பெட்டியைத் திறக்குமுன் அவரை மேஜையில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தீர்கள். "சொன்னியா, இல்லையா?" விளையாட்டுக்கு என்றார். நீங்கள் அசையவில்லை. அவர் குரல் மெலிந்து மெலிந்து, கடைசியில், "சொன்னேம்மா" என்று என்னைப் பார்த்தார். மன்னிப்பு என்னிடம் கேட்கும்வரை நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வந்த மழைக்காலங்களில் நாம் அங்கே போனோம், பாறைகளுக்கு வெடி வைக்கும்வரை. கடைசி முறை முள்ளுக்கடியிலிருந்து ஒரு தண்டை நீங்கள் பிடுங்கி வந்ததுதான் இந்தத் தொட்டியில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பல வருடமாகிவிட்டது. அங்கே இப்போது அபார்ட்மெண்ட்.

உங்கள் பேத்தி பத்தாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். ஒரு வாரமாக இரண்டாவது தோசையைத் தொடுவதில்லை. "ஒத்து அம்மா", வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள். டயட் பைத்தியம், நாலு போடு போடு என்று போனில் என் அம்மா சொன்னாள். இன்று அவள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் பையையோ அலமாரியையோ நான் திறக்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த உங்கள் பிள்ளைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? நான் என்ன சொன்னேன்?" என்றார். குரல் கொஞ்சம் மெலிசாக இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.