வீட்டின் அடிவயிறு காய்ந்தது

மிசிசிப்பி,
ஜூலை கடைசி ஞாயிறு

அன்புள்ள ராய்ஸ்,

நடுக்கடலில் எண்ணெய்த் தளத்தில் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், வீடும் சுகம். அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படி.

தரைக்கு அடியில் பூஞ்சை, அதனால்தான் நம் டெஸ்ஸிக்கு இருமல் என்று டாக்டர் சொன்னதும், மலைப்பக்கம் என் அக்கா ரமோனா வீட்டுக்கு அவளை அனுப்பினோம். நீ போனில், "வீட்ட வித்துத் தொலைச்சிடலாம் வெர்லீன், ஆகஸ்ட்ல அவ அங்கயே பள்ளிக்கூடம் சேரட்டும்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயதுப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு நான் யாருக்குச் சோறு போடுவது? உன் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற குட்டிக் கதவு வழியாக வீட்டுக்கு அடியில், தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டடி இடுக்குக்குள் தவழ்ந்து போனேன்.

ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. ஆனால் தரையைத் தாங்குகிற உத்தரம் பூராவும் வேர்த்துக் கிடந்தது. டெஸ்ஸி அறைக்கு நேர் கீழே மாவு தூவினாற்போல் பூஞ்சை. வெளியே வந்து, ஐஸ் போட்ட தேநீரை ஊற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். வாயில் வைப்பதற்குள் கிளாசின் வெளிப்புறம் வேர்த்து என் முழங்காலில் சொட்டியது. அட கடவுளே, இதுதானா என்று எழுந்துவிட்டேன். வருஷா வருஷம் ஈஸ்டர் அன்று சர்ச்சிலிருந்து வந்த கையோடு, பாலிஷ் போட்ட ஷூவைக்கூடக் கழற்றாமல், உன் குடும்பம் அடித்தளத்துக் காற்றுத் துவாரங்களை எல்லாம் திறந்துவிடுகிறதே, வீடு மூச்சு விடட்டும் என்று! உள்ளே போவது நம் ஊர்க் கோடைக் காற்று, பாதி தண்ணீர். மேலே நாம் ஏசி போட்டுத் தரையைக் குளிர வைக்கிறோம். வேர்க்காமல் என்ன செய்யும்?

முதலில் பூஞ்சையைத் தேய்த்துத் துடைத்தேன். துவாரங்களை எல்லாம் தெர்மோகோல் பலகை வெட்டி அடைத்தேன். மண் தெரியாமல் தடித்த பிளாஸ்டிக் விரித்து, சுவர்மேலும் ஏற்றி, டேப் ஒட்டினேன். ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்றை வைத்து, அதன் தண்ணீரைக் குழாய் போட்டுச் சாக்கடைக்கு விட்டேன். இரண்டு முழங்கையும் தோலுரிந்து போயிற்று. உள்ளே ஒரு பாம்பும் இருந்தது. அதுவே பயந்து ஓடிவிட்டது.

உன் அப்பா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "வீட்டோட மூக்கையே பொத்துறியே பொண்ணே, மூச்சு முட்டாதா?" என்றார். "மூச்சு முட்டினது உங்க பேத்திக்கு, வீட்டுக்கு இல்ல" என்றேன். முறைத்துக்கொண்டு போனவர், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து கிழக்குப் பக்கம் இரண்டு துவாரத்தைத் திறந்துவிட்டார். காற்றின் ஈரத்தை அளக்க அடியில் நான் மாட்டியிருந்த ஈரமானியின் முள் ஏறிக்கொண்டே போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. "வாங்க, நீங்களே தொட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டேன். அந்தத் தொப்பையோடு மனிதர் தவழ்ந்தார், ராய்ஸ்! திறந்த துவாரத்தின் பக்கத்தில் மரம் பிசுபிசுத்தது. அடைத்த பக்கம் கையில் தூசிதான் ஒட்டியது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அவரே போய் இரண்டையும் அடைத்தார்.

இப்போது சர்ச்சில் அவர் பண்ணுகிற அலப்பறை தாங்கவில்லை. "உங்களுக்கு என்னடா தெரியும், என் மருமகளக் கேளுங்க" என்கிறார். போன ஞாயிறு என்னை நல்ல உடுப்போடு பாஸ்டர் வீட்டுக்கு அடியிலேயே கூட்டிப் போய்விட்டார்கள். எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை ரமோனா டெஸ்ஸியைக் கூட்டி வந்தாள். பிள்ளை தன் அறையில், தன் கட்டிலில் படுத்தாள். இரண்டு ராத்திரி, ஒரு இருமல் இல்லை. நான்தான் தூங்காமல் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரமோனா தனியாகத்தான் ஊர் திரும்பினாள். நாளைக் காலை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டெஸ்ஸியின் பெயரைக் கொடுக்கப் போகிறேன்.

முதல் நாள் உன் தோளில் ஏறித்தான் பள்ளிக்குப் போவாளாம். லீவு கேள், கொடுக்காவிட்டால் கெஞ்சு. வந்ததும் என்னைப் பாராட்ட வேண்டாம். கூடத்தில் நின்று ஆழமாய் ஒரு மூச்சு இழு. பிறகு, விற்றுவிடலாம் என்று சொன்ன அதே வாயால், "நம்ம வீடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு.

கர்த்தர் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன்,
வெர்லீன்