என் கைக்கு அந்தப் பட்டை பத்தாது

மார்ச் 3, திங்கள்

காலையில் பஸ் ஓட்டிக்கொண்டு கிளம்பினவள், மத்தியானம் இன்னொருத்தர் ஓட்டின பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

டிப்போவில் இன்று வருஷாந்திரப் பரிசோதனை. கண் சரி, காது சரி, சர்க்கரை சரி. பிரஷர் மட்டும் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு என்று நர்ஸ் எழுதினாள். டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். மேலாளர் கூப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், அதிலும் இப்படியே வந்தால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான், மிச்ச காலமெல்லாம் அலுவலக வேலை என்றார். ரொம்ப இதமாகச் சொன்னார். அந்த இதம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தையல்காரர், எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் கடை. மெஷினை நிறுத்திவிட்டு, "உன் வாய்க்கு இவ்வளவு நாள் வராததுதான் அதிசயம்" என்றார். அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அவரும் ஆடித்தான் போயிருக்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்கள் இருக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல் செட். இந்தப் பல் செட்டுக்காரர் எப்படித்தான் சாப்பிடுகிறாரோ. நானும் இங்கே விட்டுப்போன சாமான் மாதிரிதான் கிடக்கிறேன்.

வருகிறவன் போகிறவன் எல்லாம் உப்பைக் குறை என்கிறான். நாங்கள் மீசை என்று கூப்பிடுகிற மெக்கானிக் வந்து, "கோபத்தைக் குறைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டதும் வந்ததே ஒரு கோபம்.

மார்ச் 6, வியாழன்

நர்ஸ் பஸ்ஸில் விட்ட குடை என் அறையில் கிடந்தது. கொடுக்கப் போனேன். அவள் உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். நான் சும்மா நின்று சுவரைப் பார்த்தேன். பிரஷர் எப்படிப் பார்ப்பது என்று ஒரு பெரிய படம். எத்தனை வருஷமாக அங்கேயே தொங்குகிறது! ஒரு நாளாவது படித்திருப்பேனா?

படத்தில் ஒரு அம்மா. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கால்மேல் கால் போடக் கூடாதாம். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் அமைதியாக இருக்க வேண்டுமாம். பேசக் கூடாதாம். பாத்ரூம் போய்விட்டு வர வேண்டுமாம். கையில் சுற்றுகிற பட்டை துணிமேல் இல்லாமல் கைமேலேயே இருக்க வேண்டுமாம், கையின் பருமனுக்கு ஏற்ற பட்டையாக.

அந்தப் படத்துக்கு நேர் கீழேதானே நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன்! காலையிலிருந்து வண்டியை விட்டு இறங்காமல் வந்தவள். கடைசி ஸ்டாப்பில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது, ஆகவே அடக்கிக்கொண்டு வந்தவள். மாடி ஏறி மூச்சு வாங்கும்போதே உட்காரச் சொன்னார்கள். சாயாத ஸ்டூல். என் கால் தரைக்கு எட்டாது, ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கை அந்தரத்தில். சட்டையை முழங்கைக்கு மேலே முறுக்கிவிட்டு அதற்கு மேல் பட்டையைச் சுற்றினாள் நர்ஸ், அது ஒட்டாமல் பட் பட் என்று பிய்ந்துகொண்டே வந்ததால் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள். அழுத்துகிற நேரத்தில் வீடு மாற்றிவிட்டீர்களா, புது விலாசம் என்ன என்று கேள்வி வேறு. நானும் விலாவாரியாகப் பதில் சொன்னேனே!

ஒன்றாவது சரியாக நடந்ததா? ஒன்றே ஒன்று?

நர்ஸிடம் கேட்டேவிட்டேன், இதைவிடப் பெரிய பட்டை இல்லையா என்று. அவள் டிராயரைத் திறந்து காட்டினாள். பெரியது இருக்கிறது, அதன் குழாய் வெடித்துப் போயிருக்கிறது. "நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்க்கா. அன்னிக்கு வரிசையைப் பாத்தீங்கல்ல? ஒவ்வொருத்தரையும் அஞ்சு நிமிஷம் உக்கார வச்சா யார் என்னை விடுவாங்க?" என்றாள். அவளைத் திட்டலாம் என்று போனவள் திட்டாமல் வந்தேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, போக இடம் தெரியாமல்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்காரர் அளவு நாடாவை எடுத்து என் மேல்கையைச் சுற்றி அளந்தார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். டிப்போப் பட்டையில் இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு வரை என்று அச்சடித்திருந்ததை நான் பார்த்து வந்திருந்தேன். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவருக்கே தொழில் கோபம் வந்துவிட்டது. "ஆளை அளக்காம துணியை வெட்டுறவன் தையல்காரனா? இது என்ன வைத்தியம்?" என்று கத்தரிக்கோலை டொக்கென்று வைத்தார்.

சாயங்காலம் இரண்டு பேரும் போய், பெரிய பட்டை வைத்த மெஷின் ஒன்று வாங்கி வந்தோம். படத்தில் இருந்தபடியே உட்கார்ந்தேன். என் காலுக்குக் கீழே அவருடைய துணிக்கட்டை வைத்தார். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு.

நூற்று முப்பத்தெட்டு! ஆடாத குறை.

அவரும் விடுவாரா? தன் கையையும் நீட்டினார். ஆள் ஊசி மாதிரி. பட்டை அவர் கையைப் போர்வை மாதிரி ரெண்டு சுற்று சுற்றியது. நூற்று முப்பத்தாறு. "பாத்தியா, உன்னைவிடக் கம்மி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் அதே பெருமை.

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் போனேன். வீட்டு மெஷின் கணக்கில் வராது, டிப்போவில் பார்ப்பதுதான் கணக்கு என்றார். இத்தனை பேருக்குச் சரியாகக் காட்டுகிற மெஷின் உங்களுக்கு மட்டும் பொய் சொல்லுமா என்றார்.

நான் சொன்னேன்: "சார், உங்க சட்டையை நான் போட்டுக்கிட்டு வந்து மூச்சு முட்டுதுன்னு சொன்னா, ஆஸ்துமான்னு எழுதிடுவீங்களா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். பெரிய பட்டை வாங்க மேலே எழுத வேண்டும், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். எனக்கா தெரியாது?

மார்ச் 12, புதன்

ஒருவேளை பிரஷர் நிஜமாகவே இருந்தால்?

இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். பஸ் நிறைய ஜனம் என் முதுகை நம்பி உட்கார்ந்திருக்கிறது. தூங்குகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். எனக்கு உடம்பு சரியில்லையென்றால் நானே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குவேன், ஒருத்தரும் சொல்ல வேண்டாம். ஆனால் அளந்துவிட்டுச் சொல். ஒழுங்காக அளந்துவிட்டுச் சொல்!

மார்ச் 17, திங்கள்

இன்றைக்கு மறு பரிசோதனை. முதல் வேலையாகப் பாத்ரூம் போனேன். அப்புறம் உள்ளே போனேன். மேஜைமேல் அதே சின்னப் பட்டை.

கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன். "இதை என் கையில சுத்த விடமாட்டேன். எனக்கு ஏத்ததைக் கொண்டு வாங்க, எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க" என்றேன். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. மேலாளர் ஓடி வந்து, பிடிவாதம் பிடித்தால் பரிசோதனைக்கு மறுத்ததாகத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதுங்கள், கூடவே எதற்கு மறுத்தேன் என்பதையும் எழுதுங்கள் என்றேன்.

அப்போதுதான் நர்ஸ் வாயைத் திறந்தாள். "டாக்டர், அவங்க சொல்றது சரிதான். இந்தப் பட்டை அவங்களுக்குப் பத்தாது. நானும் முன்னாடியே சொல்லியிருக்கேன்." அதைச் சொல்லும்போது அவள் மேலாளரைப் பார்க்கவே இல்லை, டாக்டரையே பார்த்தாள். நல்லா இரும்மா நீ!

டாக்டர் எழுந்து வந்தார். என் கையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், தன் மேலேயே எரிச்சல்பட்டவர் மாதிரி ஒரு தரம் தலையை ஆட்டினார். பக்கத்து மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பெரிய பட்டையை வரவழைத்தார். தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்தார். காலுக்குக் கீழே ஒரு பெட்டி. ஐந்து நிமிஷம் பேசக் கூடாது என்றார். வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். மேலாளர் வேறு எதிரிலேயே நிற்கிறார், கேட்க எனக்கு எத்தனை இருந்தது!

இரண்டு கையிலும் பார்த்தார். அதிகமாக இருந்த கையில் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தார். நூற்று முப்பத்தாறு, அப்புறம் நூற்று முப்பத்திரண்டு. ஓரத்தில்தான் நிற்கிறீர்கள், உப்பையும் எடையையும் குறையுங்கள், ஆனால் வண்டி ஓட்டலாம் என்றார். சரி என்றேன். சரியாக அளந்தவர் சொன்னால் உப்பென்ன, எதை வேண்டுமானாலும் குறைக்கிறேன்.

வெளியே வரும்போது, அடுத்து உட்கார்ந்த ஒல்லிக் கண்டக்டருக்கு நர்ஸ் அவசரத்தில் அதே பெரிய பட்டையைச் சுற்றப் போனாள். டாக்டர் தடுத்தார். "அதை மாத்துங்க. ஒல்லிக் கைக்குப் பெரிசு போட்டா இருக்கறதை விடக் குறைச்சுக் காட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பாதி மாடி இறங்கிவிட்டேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். ஐயோ, என் வீட்டு ஊசி மனுஷன்!

மார்ச் 18, செவ்வாய்

நேற்று வரும் வழியிலேயே எங்கள் பிரஷர் மெஷினுக்குச் சின்னப் பட்டை வாங்கினேன். காலையில் அவரை உட்கார வைத்துப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி. நூற்று ஐம்பத்தாறு.

அவர் பட்டையைப் பிய்த்து மேஜையில் போட்டார். "உனக்கு அதிகமா வந்தா மெஷின் பொய். எனக்கு அதிகமா வந்தா மட்டும் நிஜமா? நல்லா இருக்கே உன் நியாயம்!"

எனக்கு ஒன்றும் பண்ணவில்லையே, தலைவலி கூட இல்லையே என்றார். என் வசனத்தையெல்லாம் எனக்கே திருப்பினார். மூன்று நாள் பார்ப்போம் என்றேன், அவர் தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நான் சொல்வது கேட்கக் கூடாதென்று வேகமாக ஓட்டினார். டிப்போ முழுக்க எதிர்த்து நின்றேன், அப்போது கண் கலங்கவில்லை. இந்த ஒரு மனுஷன் முன்னால் அழுதுவிட்டேன். ஆத்திரத்தில்தான் அழுதேன். பயத்திலும்தான்.

அழுதுகொண்டே சொன்னேன்: "நான் சரியா அளன்னுதான் சண்டை போட்டேன். கம்மியா காட்டுன்னு சண்டை போடல."

மெஷின் நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது.

மார்ச் 19, புதன்

பஸ் திரும்பக் கிடைத்தது. மீசை ஹாரன் அடித்து வரவேற்றான். சந்தோஷப்பட வேண்டிய நாள். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வேலை முடிந்து வந்தால், அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அளவு நாடாவைப் பல்லில் கடித்து இழுத்துத் தன் மேல்கையைத் தானே அளந்துகொண்டிருக்கிறார். நான் வாசலிலேயே நின்றேன். இருபத்து நாலு. சின்னப் பட்டையை எடுத்து அச்சடித்த எண்ணைப் படித்தார். சுற்றிக்கொண்டு, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். எத்தனை ஆயிரம் கழுத்துப்பட்டிக்கு இதே மாதிரி விரல் விட்டுப் பார்த்தவர்! பெரிய பட்டையையும் போட்டுப் பார்த்தார். அது தொங்கியது.

என்னை அப்போதுதான் பார்த்தார். "சின்னதுதான் அளவு" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது. ஒரு தையல்காரர் அதற்குமேல் என்ன சொல்வார்?

நாளைக்கு டாக்டரிடம் போகிறோம்.

மார்ச் 22, சனி

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தார். முறைக்கட்டும். முறைக்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் எனக்கு.

ஏப்ரல் 9, புதன்

பெரிய பட்டையின் ஓரத்தில் சிவப்பு நூலும் சின்னதில் நீல நூலும் போட்டுத் தைத்திருக்கிறார், மாறிவிடக் கூடாதாம். டிப்போவுக்கும் பெரிய பட்டை வந்துவிட்டதாக நர்ஸ் பஸ்ஸில் ஏறும்போது சொன்னாள். படத்துக்குக் கீழே இப்போது சாய்வு நாற்காலியாம்.

காலையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பாதம் தரையில், கை மேஜையில், வாய் மூடி. கல்யாணமான நாளிலிருந்து சண்டை இல்லாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருப்பது இதற்கு மட்டும்தான். என்னுடையது நூற்று முப்பத்து நாலு. அவருடையது நூற்று முப்பத்தெட்டு.

அவர் உடனே சந்தோஷப்படவில்லை. பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். நீல நூலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது சரியா அளந்ததுதானே?" என்றார்.

சரியாக அளந்ததுதான் என்றேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.