கயிற்று நுனியில் போட்ட மொட்டு

அப்புத்தளை
புதன்கிழமை

அன்பு மகன் ஜேசனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் கட்டாரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே ஒரு வாரமாக மழை, அம்மா முழங்கால் வலியோடுதான் கொழுந்து பறிக்கப் போகிறாள். போனில் பேசினால் நீ கத்துகிறாய், எனக்கு வாய் அடைத்துப்போகிறது, அதனால் எழுதுகிறேன். றிஸ்னி டீச்சர் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

தங்கச்சி ஜெசிந்தினி தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்தாள் என்று அவள் புருஷன் டிலக்சன் சொன்னதை நம்பி, அவளை அனுப்பி வையுங்கள் என்கிறாய். கானில் விழுந்தவளுக்கு முதுகில் பதினோரு காயம் வருமா? அவள் கல்யாணத்துக்குக் கிடேரிக் கன்று கொடுத்தபோது, அதன் கயிற்று நுனி பிரியாமல் இருக்க மூன்று புரியையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இறுக்கித் தாமரை மொட்டு மாதிரி முடிந்தேனே, அது நைலோன் கயிறு, இறுகினால் கல். போன ஞாயிறு பூசை முடிகிற நேரம் அவள் வந்து நம் வீட்டு வாசலிலேயே குப்புற விழுந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்த அம்மா, "நீங்க போட்ட மொட்டு நம்ம புள்ள முதுகுல பூத்திருக்கு, வந்து பாருங்க" என்றாள். ஒவ்வொரு காயத்தின் முனையிலும் அது பதிந்திருந்தது, சில இடத்தில் தோலே இல்லை.

நான் அவன் லயத்து வீட்டுக்குப் போனேன், போகும்போது கையில் ஒன்றும் இல்லை. கொட்டிலில் மாட்டைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்த்தேன். அவன் வெளியே வந்து, "மக போனா போவட்டும் மாமா, மாட்ட விட்டுட்டுப் போங்க" என்று சிரித்தான். அந்த மொட்டாலேயே வாயில் அடித்தேன். மூன்றாவது அடியில் இரண்டு பல்லை இரத்தத்தோடு துப்பினான். பக்கத்து வீட்டு ஆட்கள் பிடித்திருக்காவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். பொலிஸில் ஒரு துண்டுக் கயிறு கொடுத்து அதே மாதிரி மொட்டுப் போடச் சொன்னார்கள், போட்டுக் கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அவன் மேல் ஒரு வழக்கு, என் மேல் ஒன்று.

இப்போது அவள் திரும்பி வந்தால் என் மேல் போட்ட முறைப்பாட்டை எடுத்துவிடுவதாக ஆள் அனுப்பியிருக்கிறான். அதைக் கேட்டு ஜெசிந்தினி, "அண்ணனும் போவச் சொல்லிட்டாரு, நான் போறேம்ப்பா, நீங்க உள்ள போவாதீங்க" என்று உடுப்பை மடிக்கத் தொடங்கிவிட்டாள். பையைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். மகன், நான் அடித்தேன், திங்கட்கிழமை கோர்ட்டில் ஒப்புக்கொள்வேன், எத்தனை மாதம் போட்டாலும் இருந்துவிட்டு வருவேன். அவன் வீட்டுக்குப் போனால் அவள் வரமாட்டாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் அவளோடு பேசு. ஆறுதல் வேண்டாம், போகாதே என்று மட்டும் சொல்லு. எனக்காகத்தான் போகத் துடிக்கிறாள், அதனால் நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் நிற்பாள்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. என்ன கோபம் வந்தாலும் யார் மேலும் கை வைக்காதே.

உன் அப்பா
பிலிப்பு